பலியானோர் யார்? வட அயர்லாந்து வரலாறு எழுப்பும் ஒரு வினா

போர் ஓய்ந்த நாட்டில் முதலில் நிகழ்வது கணக்கெடுப்பு. இடிந்த வீடுகளை எண்ணுவர், எரிந்த கடைகளை எண்ணுவர், இறந்தோரையும் எண்ணுவர். வீடுகளை எண்ணுவதில் வழக்கு எழுவதில்லை. இறந்தோரை எண்ணத் தொடங்கியதும் வழக்கு எழுகின்றது. எவரைப் பட்டியலிற் சேர்ப்பது, எவரை விடுப்பது, சேர்த்தவரை எப்பெயரால் வழங்குவது என்னும் வினாக்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. அயல்நாட்டான் படையெடுத்து வந்து மீண்டவிடத்து இவ்வினாக்கள் பேரிடர் விளைப்பதில்லை. வந்தவன் பகைவன், இறந்தவர் நம்மவர் என்று விடை கூறிவிடலாம். ஒரே ஊரில் வாழும் இரு சமூகத்தார் தம்முட் பொருது, பின்னரும் அவ்வூரிலேயே வாழவேண்டிய நிலையிலேதான் இவை தீரா வழக்காகின்றன. அங்கே கொன்றவனின் தாயும் கொல்லப்பட்டவனின் தாயும் ஒரே சந்தைக்குச் செல்கின்றனர்.

இவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, சட்டம் அதனைத் தீர்க்க எவ்வாறு முயன்றது, அம்முயற்சி எங்கே இடறிற்று என்பவற்றை வட அயர்லாந்தின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். இத்தகையோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'விக்ரிம்' என்னும் சொல் இலத்தீன் மொழியின் 'விக்ரிமா' என்பதன் வழிவந்தது. வேள்வியிலே தெய்வத்துக்குக் கொடுக்கப்படும் உயிரை அச்சொல் குறித்தது. நம் மொழியிலும் வன்செயலில் இறந்தோரைப் 'பலியானோர்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பலி என்பதும் தெய்வத்துக்கு இடுவதே. பலியாகும் உயிர் தானாக எதனையும் செய்வதில்லை. அதன்மேற் குற்றமும் இல்லை. எனவே இரு மொழிகளிலும் அச்சொல்லினுள்ளே மாசின்மை என்னும் கருத்துப் பொதிந்து கிடக்கின்றது. 'பாதிக்கப்பட்டோர்' என்னும் மற்றைய சொல்லிலோ அக்கருத்து இல்லை. ஒருவருக்கு நேர்ந்த கேட்டை மட்டுமே அது கூறும். அவர் நல்லவரா தீயவரா என்பதைக் கூறாது. வட அயர்லாந்தில் நடந்த வழக்கு முழுவதும், ஒரு வகையில், இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதேயாம்.

நோர்வே நாட்டுக் குற்றவியலறிஞர் நில்ஸ் கிறிஸ்ரி 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், சமூகம் எவரைத் தயக்கமின்றி இரக்கத்துக்குரியவராக ஏற்கின்றது என்பதை ஆராய்ந்தார். அவர் வலிமை குன்றியவராதல் வேண்டும். நற்காரியம் ஒன்றில் ஈடுபட்டிருத்தல் வேண்டும். பழிக்கு இடமில்லாத இடத்தில் நின்றிருத்தல் வேண்டும். தம்மிலும் வலியவனும் கொடியவனும் முன்னறியாதவனுமாகிய ஒருவனால் தாக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விலக்கணம் பொருந்தியவருக்கே சமூகத்தின் முழு இரக்கமும் கிட்டும் என்பது அவர் காட்டிய உண்மை. உள்நாட்டுப் பூசலில் இவ்விலக்கணத்துக்குள் அடங்காதோர் பலர். அவர்களின் வீடுகளிலும் அழுகை உண்டு என்பதிலிருந்தே நம் ஆராய்ச்சி தொடங்குகின்றது.

அயர்லாந்து 1921ஆம் ஆண்டிற் பிரிக்கப்பட்டபோது அதன் வடகிழக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் ஐக்கிய இராச்சியத்தோடு நின்றன. பெரும்பான்மையினராயிருந்த புரட்டஸ்தாந்தர் அவ்விணைப்பை விரும்பினர். சிறுபான்மையினராயிருந்த கத்தோலிக்கருள் மிகப்பலர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினர். வீட்டு வசதி, வேலைவாய்ப்பு, உள்ளூராட்சி வாக்குரிமை ஆகியவற்றில் நீதி கோரிய இயக்கம் 1968ஆம் ஆண்டில் தெருவுக்கு வந்தது. எதிர்ப்பும் கலவரமும் தொடர்ந்தன. 1969ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்திற் பிரித்தானியப் படை அனுப்பப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குண்டும் துப்பாக்கியும் ஓயவில்லை. 1998ஆம் ஆண்டு ஏப்பிரில் 10ஆந் திகதி கைச்சாத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கையே அப்பூசலுக்கு முடிவு கட்டியது.

அம்முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நிலப்பகுதியின் குடித்தொகை அக்காலத்தில் ஏறக்குறைய 15 இலட்சமே என்பதை நினைவிற் கொண்டால் இத்தொகையின் பாரம் விளங்கும். கொலைகளில் ஐந்தில் மூன்று பங்கை ஐரிஷ் குடியரசுப் படை முதலிய குடியரசுவாதக் குழுக்களும், பத்தில் மூன்று பங்கைப் பிரித்தானிய முடியிடத்துப் பற்றுக்கொண்ட ஆயுதக் குழுக்களும், ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அரசின் படைகளும் புரிந்தன. இறந்தோருட் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாத குடிமக்கள். ஏனையோர் படைவீரர், பொலிசார், ஆயுதக் குழுவினர் ஆகியோர். கொன்றவர் கூட்டத்திலும் இறந்தோர் உளர். இறந்தோர் கூட்டத்திலும் கொன்றவர் உளர்.

ஒரு பக்கம் முற்றாக வென்றிருப்பின் இச்சிக்கல் வெளிப்படாதிருந்திருக்கும். 1939ஆம் ஆண்டிற் பிராங்கோ வென்ற ஸ்பெயின் நாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வென்ற பக்கத்து இறந்தோரின் பெயர்கள் தேவாலயச் சுவர்களிற் பொறிக்கப்பட்டன. தோற்ற பக்கத்தார் பல்லாயிரவர் பெயரின்றிப் புதைகுழிகளிற் கிடந்தனர். 1959ஆம் ஆண்டிற் பெருஞ்செலவில் திறந்துவைக்கப்பட்ட நினைவுப் பள்ளத்தாக்கும் வென்றவரின் மொழியிலேயே பேசியது. தோற்றவரின் உறவினர்க்குச் சட்டத்தின் வாயிலாக ஓரளவு ஏற்புக் கிடைக்க 2007ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெற்றியாளன் உள்ள நாட்டில் இறந்தோருக்குப் பெயரிடுபவனும் அவனே.

வட அயர்லாந்திலோ எவரும் வெல்லவில்லை. அங்கே சமாதானம் இணக்கத்தால் வந்தது. இணக்கத்துக்கு விலையும் கொடுக்கப்பட்டது. உடன்படிக்கையின்படி ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த 400க்கு மேற்பட்ட கைதிகள் இரண்டாண்டுகளுள் விடுதலை பெற்றனர். தம் கணவனைக் கொன்றவன் தண்டனைக் காலம் முடியுமுன் வீடு திரும்புவதைக் கண்ட பெண்ணொருத்தியின் நிலையை எண்ணுக. நீதி தமக்கு முழுமையாகக் கிட்டாது என்று உணர்ந்த குடும்பங்கள், எஞ்சியிருந்த ஒன்றையேனும் காக்க முனைந்தன. அதுவே அந்தச் சொல். கொன்றவனுக்கும் தமக்கும் ஒரே பெயர் இடப்படுதல் ஆகாது என்று அவை வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

இறந்தோரையும் துன்புற்றோரையும் பற்றி ஆராயும் பொறுப்பு 1997ஆம் ஆண்டின் இறுதியிற் சேர் கெனத் புளூம்பீல்ட் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வட அயர்லாந்து அரச சேவையின் தலைவராயிருந்தவர். 1988ஆம் ஆண்டில் ஐரிஷ் குடியரசுப் படை அவர் வீட்டுக்குக் குண்டு வைத்தது. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது அறிக்கை, அக்காலத்தில் அங்கு வாழ்ந்த எவரும் ஏதோவொரு வகையிற் கேடுறாமல் தப்பவில்லை என்னும் கருத்தில் உண்மை உண்டென ஏற்றது. எனினும் உதவி செய்வதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதையும் உணர்ந்தது. அரச படைகளால் உறவினரை இழந்தோர், அவ்வறிக்கையிற் தமக்குப் போதிய இடம் அளிக்கப்படவில்லை என்று குறை கூறினர். எல்லாருக்கும் இரங்க முயன்ற அறிக்கைக்கும் இக்குறை நேர்ந்தது.

சட்ட வரைவிலக்கணம் 2006ஆம் ஆண்டிற் பிறந்தது. அவ்வாண்டின் கட்டளைச் சட்டம் மூவகையினரைக் குறிப்பிட்டது. பூசல் சார்ந்த சம்பவமொன்றால் உடலிலோ உள்ளத்திலோ காயமுற்றவர் முதல் வகையினர். அத்தகையோரை நாள்தோறும் பேணிப் பராமரிப்பவர் இரண்டாம் வகையினர். அத்தகைய சம்பவத்தால் உறவினரை இழந்தவர் மூன்றாம் வகையினர். கொடுஞ்செயலை நேரிற் கண்டதாலும், காயமுற்றோருக்கு உதவச் சென்றதாலும் உளநலம் குன்றியோரும் முதல் வகையுள் அடங்குவர். அச்சட்டம் சொல்லியதிலும் சொல்லாது விட்டதே பெரிது. காயமுற்றவர் எப்பக்கத்தினர், எதற்காக அங்கு நின்றார், குற்றம் புரிந்தவரா என்னும் கேள்விகளை அது கேட்கவில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் அறியலாம். 1993ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை, பெல்பாஸ்ற் நகரின் ஷாங்கில் வீதியிலுள்ள மீன்கடை ஒன்றில் ஐரிஷ் குடியரசுப் படையினர் இருவர் குண்டு வைத்தனர். அது உரிய நேரத்துக்கு முன் வெடித்தது. கடையிலும் அயலிலும் நின்ற ஒன்பது குடிமக்கள் மாண்டனர். அவருட் சிறுமியர் இருவர். குண்டைக் கொண்டுவந்தவருள் ஒருவனும் அங்கேயே மாண்டான். அக்குடிமக்களின் குடும்பங்களும் உறவினரை இழந்தவை. குண்டைக் கொண்டுவந்தவனின் குடும்பமும் உறவினனை இழந்ததே. 2006ஆம் ஆண்டின் சட்டத்தின் கண்ணுக்கு அவ்வீடுகள் யாவும் ஒன்றே. ஷாங்கில் வீதியில் மகளைப் பறிகொடுத்த தந்தைக்கு இஃது எவ்வாறு தோன்றும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே அவ்வரைவிலக்கணத்தை மாற்றவேண்டும் என்று ஐக்கியவாதக் கட்சிகள் பன்முறை வாதாடின. குற்றமற்றவரையும் குற்றம் புரிந்தவரையும் ஒரு சொல்லுள் அடக்குதல், கொலையைக் காலநிலைபோல எவர் செயலுமல்லாத ஒன்றாகக் காட்டுகின்றது என்பது அவர்களின் வாதம். இவ்வாதம் வலியது. தீமை செய்தவனும் தீமையுற்றவனும் வேறு என்பதை மறுத்தால் அறம் என்ற சொல்லுக்கே பொருள் இராது.

எதிர்வாதமும் வலியதே. 'குற்றமற்றவர்' என்னும் அடைமொழியைச் சட்டத்திற் சேர்த்தால், குற்றமற்றவர் எவர் என்று கூறுபவர் யார்? 1972ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி டெறி நகரில் ஊர்வலம் சென்றோர்மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். சில வாரங்களில் வெளிவந்த விட்ஜரி பிரபுவின் விசாரணை அறிக்கை, இறந்தோருட் சிலர் துப்பாக்கியையோ குண்டையோ கையாண்டனர் என்ற பலத்த ஐயத்தை எழுதிவைத்தது. அவ்வெழுத்து மாற 38 ஆண்டுகள் சென்றன. 2010ஆம் ஆண்டு ஜூன் 15ஆந் திகதி வெளியான சவில் பிரபுவின் அறிக்கை, சுடப்பட்டோருள் எவரும் உயிராபத்து விளைக்கும் நிலையில் இருக்கவில்லை என்று கண்டது. பிரதமர் கமரோன் பாராளுமன்றத்தில் அரசின் சார்பாக மன்னிப்புக் கோரினார். பெல்பாஸ்ற் நகரின் பாலிமேர்பிப் பகுதியில் 1971ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் இறந்த பத்துப்பேரும் முற்றிலும் குற்றமற்றவர்கள் என்று மரண விசாரணை மன்றம் கூறியது 2021ஆம் ஆண்டிலே. மாசின்மையை அளவுகோலாகக் கொண்டிருந்தால், அந்த நெடிய ஆண்டுகள் முழுவதும் இக்குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றிருக்கும். பதிவேடு எழுதுபவன் கையில் மாசின்மையும் இருக்கின்றது என்பதே இவை தரும் பாடம்.

வழக்கு சொல்லளவில் நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டில் இடைக்கால ஆணையாளராக நியமிக்கப்பட்டவர், குடியரசுவாதக் குழுவொன்றாற் கொல்லப்பட்ட பொலிஸ்காரர் ஒருவரின் மனைவி. ஒரு கட்சியைத் திருப்திப்படுத்தும் முறையற்ற நோக்கத்தோடு அந்நியமனம் நிகழ்ந்ததென 2006ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலையான ஆணையாளர் ஒருவரை நியமிப்பதற்கு இரு சமூகத் தலைவர்களும் இணங்க இயலாமற்போகவே, 2008ஆம் ஆண்டில் ஒருவருக்குப் பதிலாக நால்வர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவருள் ஒருவர் மேற்கூறிய பெண்மணி. மற்றொருவர், ஐரிஷ் குடியரசுப் படையிற் சேர்ந்திருந்து பிரித்தானியச் சிறப்புப் படையாற் கொல்லப்பட்ட ஒருவனின் சகோதரி. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்றினர். ஒரு வரைவிலக்கணத்தின் இரு முனைகளும் அவ்வாறு ஓர் அறையிற் சந்தித்தமை வரலாற்றில் அரிதாக நிகழ்வதொன்றாம்.

2009ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இன்னொரு முயற்சி உடைந்தது. பேராயராயிருந்த ஈம்ஸ் பிரபுவும், முன்னர்க் கத்தோலிக்கக் குருவாயிருந்த டெனிஸ் பிராட்லியும் தலைமை தாங்கிய குழு, பூசலில் இறந்த ஒவ்வொருவரின் நெருங்கிய உறவினருக்கும் 12,000 பவுண் வழங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. தாயின் கண்ணீரில் வேறுபாடில்லை என்பதே அவர்களின் கருத்து. அறிக்கை வெளியிடப்பட்ட மண்டபத்திலேயே கூச்சல் எழுந்தது; சில வாரங்களுள் அரசாங்கம் அப்பரிந்துரையைக் கைவிட்டது. அவ்வறிக்கையிலிருந்த ஏனைய பல நல்ல யோசனைகளும் அக்கூச்சலில் அமிழ்ந்துபோயின. தொகை சமமாயிருந்தமையால் மதிப்பும் சமமென்று கூறப்பட்டதாக மக்கள் கொண்டனர். குழுவினர் துயரைப் பற்றிப் பேசினர். மக்கள் செவியில் அது மரியாதையைப் பற்றிய பேச்சாக விழுந்தது.

தென்னாபிரிக்காவின் அனுபவத்தையும் இங்கு ஒப்புநோக்குதல் தகும். 1995ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, கொலை, கடத்தல், சித்திரவதை, கொடிய துன்புறுத்தல் ஆகியவற்றுக்கு உள்ளானோரையே தன் வரைவிலக்கணத்துட் கொண்டது. அவர் எப்பக்கத்தினர் என்று அதுவும் கேட்கவில்லை. ஏறத்தாழ 21,000 பேர் வாக்குமூலம் அளித்தனர். விடுதலைப் போராட்டம் நீதியானது என்று ஏற்ற அவ்வாணைக்குழு, நீதியான போராட்டத்திலும் தகாத வழிகள் கையாளப்பட்டன என்றும் எழுதியது. அதனைச் சகியாத ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் 1998ஆம் ஆண்டில் அறிக்கையைத் தடுக்க நீதிமன்றம் சென்று தோற்றது. எனினும் மஹ்மூத் மம்தானி என்னும் அறிஞர் வேறொரு குறையைச் சுட்டினார். நிறவெறி ஆட்சியில் நிலத்தினின்று பெயர்க்கப்பட்ட ஏறத்தாழ 35 இலட்சம் மக்களும், நடமாட்ட அனுமதிச் சட்டங்களாற் சிறைசென்ற எண்ணற்றோரும் அவ்வரைவிலக்கணத்துக்கு வெளியே நின்றனர். பக்கத்தால் அகன்ற எல்லை, கேட்டின் வகையாற் குறுகியிருந்தது. எல்லைக்கோடு எங்கு இடப்பட்டாலும் அதற்கப்பால் ஒருவர் நிற்கவே செய்வார்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. 'பலியானோர் யார்' என்பது ஒரு வினாவன்று, மூன்று வினாக்கள். எவருக்கு உதவி வேண்டும் என்பது ஒன்று. எவர் குற்றவாளி என்பது மற்றொன்று. எவரை ஊரார் போற்றி நினைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. முதல் வினாவுக்குக் காயமே விடை கூறும்; மருத்துவன் நோயாளியின் கட்சியைக் கேட்பதில்லை. இரண்டாவதற்கு நீதிமன்றமும் நேர்மையான விசாரணையும் விடை கூறல் வேண்டும். மூன்றாவதற்கு எச்சட்டமும் விடை கூற இயலாது. அஃது அவரவர் வீட்டுக்கும் மனச்சான்றுக்கும் உரியது. இம்மூன்றையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றியதே இடறலுக்குக் காரணம். முதல் வினாவுக்கு விடையாக எழுதப்பட்ட 2006ஆம் ஆண்டின் சட்டத்தை, மூன்றாம் வினாவுக்கு விடையாக மக்கள் வாசித்தனர்.

பின்வந்த சட்டம் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்ததெனலாம். பூசலில் நிரந்தர ஊனமுற்றோருக்கு ஆண்டுதோறும் பணம் வழங்க 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகள், 1966ஆம் ஆண்டு தொடக்கம் 2010ஆம் ஆண்டுவரை 'தம் குற்றமின்றி'க் காயமுற்றோருக்கே அவ்வுரிமையை அளித்தன. தான் புரிந்த வன்செயலிலே தானே காயமுற்றுத் தண்டிக்கப்பட்டவனுக்கு அதில் இடமில்லை. பராமரிப்புக்கு அகன்ற வரைவிலக்கணம், ஓய்வூதியத்துக்குக் குறுகிய வரைவிலக்கணம் என இரண்டு அருகருகே நிற்கலாயின. இதுவும் வழக்கின்றி நடைபெறவில்லை. திட்டத்தை நிர்வகிக்கும் திணைக்களத்தை நியமிப்பதில் நேர்ந்த தாமதம் சட்டவிரோதமானது என 2020ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் நீதிமன்றம் கூறிய பின்னரே வழி பிறந்தது. விண்ணப்பங்கள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ற் இறுதியில் ஏற்கப்படலாயின. அதற்குள் முதுமையால் மறைந்தோரும் உளர். வரைவிலக்கணத்துக்காகப் பெரியோர் வாதிடும் காலம், காயமுற்றோரின் ஆயுளிலிருந்து கழிகின்றது.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. 2023ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம், பூசற்காலக் குற்றங்களைப் பற்றி ஒத்துழைத்துத் தகவல் தருவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கவும், பழைய மரண விசாரணைகளை நிறுத்தவும் சட்டமியற்றியது. வட அயர்லாந்தின் முதன்மைக் கட்சிகள் யாவும் அதனை எதிர்த்தன. பொலிஸ்காரரை இழந்த குடும்பங்களும், படையினராற் சுடப்பட்டோரின் குடும்பங்களும் அதனை எதிர்த்தன. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பெல்பாஸ்ற் உயர் நீதிமன்றம், அவ்விலக்கு மனித உரிமைச் சமவாயத்துக்கு முரணானதெனத் தீர்த்தது. 'பலியானோர் யார்' என்பதிற் கால் நூற்றாண்டாக ஒன்றுபடாதவர்கள், 'என் வீட்டில் இறந்தவருக்கு நேர்ந்தது என்ன' என்று கேட்கும் உரிமையில் ஒன்றுபட்டனர். பெயரிடுவதிற் பிரிந்தவரை உண்மை நாட்டம் சேர்த்துவைத்தது. இஃது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

நம் முன்னோரும் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். களத்திற் பொருது வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டினர், அது போற்றுதலின்பாற்பட்டது, அவனைத் தம்மவன் என்று கொண்டவர் செய்தது. ஆனால் தொல்காப்பியர் காஞ்சித் திணையில், கணவனை இழந்தவளின் தாபத நிலையையும், மனைவியை இழந்தவனின் தபுதார நிலையையும் தனித்துறைகளாக வகுத்தபோது, இறந்தவர் எப்படையினர் என்று கேட்டாரல்லர். இழப்பு ஒன்றே அங்கு இலக்கணமாயிற்று. கல் ஒருவருக்குரியது, கண்ணீர் எல்லார்க்கும் உரியது.

நம் நாட்டிலும் 2018ஆம் ஆண்டின் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம், துன்புற்றோர் எவரென்பதை அவர் அடைந்த இழப்பைக் கொண்டே வரையறுத்துள்ளது. வரைவிலக்கணம் அளவில் அது நன்று. ஆயின் நல்ல வரைவிலக்கணம் ஒன்றே காயத்தை ஆற்றிவிடாது என்பதற்கு வட அயர்லாந்து சான்று. துன்புற்றவரைத் துன்பத்தால் அறிதலும், குற்றத்தை உண்மையால் அறிதலும் ஆகிய இரண்டும் உடன் நடத்தல் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடுத்தால், முன்னது வெறும் பிச்சையாகும். பின்னது வெறும் பழியாகும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து இரண்டையும் பேணும் சமூகத்திலேதான், அந்த இரு தாய்மாரும் என்றேனும் ஒரு நாள் சந்தையில் ஒருவரையொருவர் தலைநிமிர்ந்து நோக்குதல் கூடும்.